மொரிஸ் மைனரின் கியர் பெட்டி முனகினால்: கழற்றுவதற்கு முன் காரிடமே கேளுங்கள்

உங்கள் கேள்வியின் சாரம் இது. தகப்பனார் காலத்து 1965ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் 1000. முதலாம், இரண்டாம், மூன்றாம் கியர்களில் ஓடும்போது காலடியிலிருந்து கரகரத்த முனகல் வருகிறது. நாலாம் கியருக்கு மாற்றினால் அநேகமாக அடங்கிவிடுகிறது. கார் நிற்கும்போது நியூட்ரலிலும் மெல்லிய உறுமல் கேட்கிறது. கிளட்சை மிதித்தால் அதுவும் நின்றுவிடுகிறது. யாழ்ப்பாணத்தில் காட்டிய கராஜில், "பெட்டி முடிந்துவிட்டது, ஜப்பான் பெட்டி ஒன்றைப் பூட்டுவோம்" என்கிறார்கள். ஜப்பான் காரின் ஐந்து கியர் பெட்டியைத்தான் சொல்கிறார்கள். பூட்டலாமா?

அவசரப்பட வேண்டாம். எந்தக் கியரில் சத்தம், எதில் இல்லை, கிளட்சை மிதித்தால் என்ன ஆகிறது என்ற மூன்றையும் நீங்களே கவனித்து எழுதியிருக்கிறீர்கள். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் பழுதான பாகத்தின் பெயரை அநேகமாகச் சொல்லிவிடலாம். எனக்குத் தெரிந்த அளவில், பழைய கியர் பெட்டிகளில் பாதி, சத்தத்தைச் சரியாகக் கேட்காமலே கழற்றப்படுகின்றன. கழற்றிய பிறகு கேட்க எதுவும் மிஞ்சாது. மேசையில் கிடக்கும் பல் சக்கரங்கள் முனகுவதில்லை.

பெட்டிக்குள் சுழற்சி எந்த வழியாகப் போகிறது என்பதை முதலில் பார்ப்போம். எஞ்சினிலிருந்து கிளட்ச் வழியாக வருவது இன்புட் ஷாஃப்ட். அதன் பின்முனையில் உள்ள பல் சக்கரம், பெட்டியின் அடியில் படுத்திருக்கும் லே கியரை எப்போதும் சுழற்றிக்கொண்டே இருக்கும். லே கியர் என்பது நாலு பல் வரிசைகள் கொண்ட ஒற்றை உருக்குத் துண்டு. அதன் நடுவே நிலையான ஒரு கம்பி, அதாவது லே ஷாஃப்ட், ஓடுகிறது. இரண்டுக்கும் இடையே ஊசி போன்ற சிறு உருளைகள். முதலாம், இரண்டாம், மூன்றாம் கியர்களில் எஞ்சினின் முழு இழுவையும் இன்புட் ஷாஃப்டிலிருந்து லே கியருக்கு இறங்கி, அங்கிருந்து மெயின் ஷாஃப்டுக்கு ஏறிப் பின்சில்லுகளுக்குப் போகிறது. நாலாம் கியரில் இந்த இறக்கமும் ஏற்றமும் இல்லை. இன்புட் ஷாஃப்டும் மெயின் ஷாஃப்டும் நேராகப் பூட்டிக்கொள்கின்றன. லே கியர் அப்போதும் சுற்றத்தான் செய்யும், ஆனால் அதன் மேல் சுமை கிடையாது.

ஆகவே, கீழ்க் கியர்கள் மூன்றிலும் முனகி நாலாம் கியரில் அடங்கும் சத்தம் லே கியரையே சுட்டுகிறது. பழுது ஒரு கியரின் பல்லில் மட்டும் இருந்தால் அந்த ஒரு கியரில்தான் கேட்கும். இரண்டாம் கியரில் மட்டும் சுற்றுக்கு ஒரு முறை "டிக் டிக்" என்று வந்தால் அது உடைந்த பல். உங்கள் காரில் மூன்றிலும் ஒரே மாதிரிக் கேட்கிறது. மூன்றுக்கும் பொதுவாக உள்ளவை லே கியரின் ஊசி உருளைகள், லே ஷாஃப்ட், அதைச் சுழற்றும் முன் பல் சோடி, இன்புட் ஷாஃப்டைத் தாங்கும் பெரிய பெயரிங், இவ்வளவுதான்.

நியூட்ரல் சோதனையும் இதையே சொல்கிறது. கார் நின்று, எஞ்சின் ஓடி, கிளட்ச் பெடல் மேலே இருக்கும்போது இன்புட் ஷாஃப்டும் லே கியரும் சுற்றும். மெயின் ஷாஃப்ட் அசையாது. கிளட்சை மிதித்தால் அந்த இரண்டும் நின்றுபோகும். அதோடு சத்தமும் நிற்கிறது என்றால் குற்றவாளி அந்தக் கூட்டத்துக்குள்தான் இருக்கிறான். பெட்டியிலிருந்து பின்னுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட், அதைப் பின்சில்லுகளுக்குப் பிரிக்கும் டிஃபரென்ஷல், சில்லு பெயரிங் மூன்றையும் அங்கேயே விடுதலை செய்துவிடலாம்.

மாறாக, கிளட்சை மிதிக்கும்போது சத்தம் தொடங்கினால் கதை வேறு. அப்போது பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, மிதிக்கும்போது கிளட்சை அழுத்தி விடுவிக்கும் ரிலீஸ் பெயரிங். மைனரில் அது குண்டு பெயரிங் அல்ல, கரி வளையம். கரி தேய்ந்து முடிந்து இரும்பு இரும்பைத் தொடும்போது கீச்சிடும். மற்றொன்று, கிராங் ஷாஃப்டின் வாலில் இன்புட் ஷாஃப்டின் மூக்கைத் தாங்கும் சிறிய வெண்கலப் புஷ். மைனரின் கிளட்ச் ஹைட்ராலிக் அல்ல, கம்பியும் நெம்புகோலுமாக வேலை செய்வது. பெடலில் கொஞ்சம் தளர்வு விடாமல் இறுக்கி வைத்தால் அந்தக் கரி வளையம் நாள் முழுவதும் உரசிக்கொண்டே இருக்கும். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் கிளட்சில் கால் வைத்துக் காத்திருப்பவர்களுக்கும் இதே கதிதான்.

இப்போது இன்புட் பெயரிங்கையும் லே கியரையும் பிரித்தறிய வேண்டும். நூற்றுக்கு நூறு பிரிக்க முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் கீழ்க் கியர்களில் இன்புட் பெயரிங்கின் மேலும் பக்கவாட்டுச் சுமை ஏறுகிறது. நாலாம் கியரில் அது குறைகிறது. ஆனாலும் காதுக்கு ஒரு வேறுபாடு தெரியும். குண்டு பெயரிங் பழுதானால் நாலாம் கியரிலும் அது முற்றாக ஓயாது, சீரான ரீங்காரமாகத் தொடரும். ஊசி உருளைகள் பழுதானால் சத்தம் சொரசொரப்பாக இருக்கும். அக்சிலரேட்டரை அழுத்தி இழுக்கும்போது கூடும், காலை எடுக்கும் கணத்தில் குணம் மாறும். நீங்கள் எழுதிய "கரகரத்த" என்ற சொல் என்னை இரண்டாவதின் பக்கமே சாய்க்கிறது.

காதை நம்பாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. மைனரில் கியர் பெட்டியின் மேல் உள்ள தகட்டு மூடியைக் காருக்குள் இருந்தே கழற்றலாம். கழற்றிவிட்டுக் கை பிரேக்கைப் போட்டு, சில்லுகளுக்குக் கட்டை வைத்து, நியூட்ரலில் எஞ்சினை மெதுவாக ஓட விடுங்கள். நீண்ட மரக் கோல் ஒன்றின் ஒரு முனையைப் பெட்டியின் உடலில் முன்பக்கம், கீழ்ப்பக்கம் என்று மாற்றி மாற்றி வைத்து, மறு முனையைக் காதோடு வைத்துக் கேளுங்கள். தளர்ந்த சட்டையோடும் சால்வையோடும் இந்த வேலைக்குப் போக வேண்டாம்.

வீதிச் சோதனை ஒன்றும் சொல்கிறேன். உங்கள் காருக்கு இது அவசியப்படாமல் போகலாம், ஆனால் இதே மாதிரிக் காரை வைத்திருக்கும் மற்றவர்களுக்கு உதவும். மைனரில் எஞ்சின் சுற்றைக் காட்டும் மானி இல்லை. அதற்குப் பதிலாகக் கியர் விகிதங்களைப் பயன்படுத்தலாம். 1098 சிசி காரில் மூன்றாம் கியரின் விகிதம் 1.412, இரண்டாம் கியருக்கு 2.172, நாலாம் கியர் ஒன்றுக்கு ஒன்று. அதாவது நாலாம் கியரில் 40 மைல், மூன்றாம் கியரில் 28 மைல், இரண்டாம் கியரில் 18 மைல் என மூன்று வேகங்களிலும் எஞ்சின் ஏறக்குறைய ஒரே சுற்றில்தான் ஓடுகிறது. இந்த மூன்றிலும் சத்தம் ஒரே சுருதியில் வந்தால் அது எஞ்சின், கிளட்ச், அல்லது இன்புட் ஷாஃப்ட் பக்கம். எந்தக் கியரில் போனாலும் 28 மைலுக்கு ஒரு சுருதி, 40 மைலுக்கு இன்னொரு சுருதி என்று வந்தால் அது பெட்டியின் வாலுக்குப் பின்னே இருக்கும் ஏதோ ஒன்று.

அந்தப் பின்பக்கத்துச் சந்தேகங்களை விரைவாகப் பார்ப்போம். இழுக்கும்போது ஒரு குரல், அக்சிலரேட்டரை விட்டால் வேறு குரல் என்று குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஊளையிட்டால் டிஃபரென்ஷலில் உள்ள பல் சக்கரச் சோடியான கிரவுண் வீலும் பினியனும். வளைவில் ஒரு பக்கம் திரும்பும்போது கூடி மறுபக்கம் திரும்பும்போது குறைந்தால் சில்லு பெயரிங். கிளட்சை விட்டு இழுவை ஏறும் கணத்தில் "டக்" என்று ஓர் அடி விழுந்தால் புரொப்பெல்லர் ஷாஃப்டின் முனையில் உள்ள யுனிவர்சல் ஜொயிண்ட், அல்லது டிஃபரென்ஷலுக்குள் தேய்ந்த வளையங்கள். ஜொயிண்ட்டில் கிரீஸ் இல்லாவிட்டால் மெதுவாக ஓடும்போது குருவி மாதிரிக் கீச்சிடும். காப்பெட் வீதியில் மறைந்து கரடுமுரடான வீதியில் கூடினால் ரயர். இன்னொன்றையும் மறக்க வேண்டாம். வேகமானிக் கேபிள் கியர் பெட்டியின் வாலிலிருந்துதான் சுழற்சி எடுக்கிறது. அது காய்ந்துபோனால் டாஷ்போர்டில் எழும் கூச்சலைப் பெட்டியின் சத்தம் என்றே பலர் எடுத்துக்கொள்கிறார்கள். கேபிளைப் பெட்டியிலிருந்து கழற்றிவிட்டு ஒரு சுற்றுப் போய்வந்தால் செலவே இல்லாமல் விடை கிடைத்துவிடும்.

சத்தமே இல்லாத மைனரை எதிர்பார்க்கவும் கூடாது. முதலாம் கியருக்கும் ரிவர்சுக்கும் பற்கள் நேராக வெட்டப்பட்டவை; மற்றவை சாய்வாக வெட்டப்பட்டவை. நேர்ப் பல் ஊளையிடுவது அதன் பிறவிக் குணம். 1965இல் புதிதாக வெளிவந்த நாளிலும் முதலாம் கியரில் அது பாடியிருக்கும். முதலாம் கியரில் மட்டும் கேட்கும் இசைக்காகப் பெட்டியைக் கழற்றுவது வீண். உங்கள் வழக்கில் இரண்டாம், மூன்றாம் கியர்களும் சேர்ந்து முனகுவதுதான் கவலைக்குரியது.

இனி ஒயிலுக்கு வருவோம். நான் அதிகம் சண்டை போட்டிருப்பது இந்த விடயத்துக்காகத்தான். "கியர் பெட்டிக்குக் கியர் ஒயில்" என்று சொல்லித் தடித்த ஹைப்பொயிட் ஒயிலை ஊற்றுகிறார்கள். மைனரின் கையேடு கியர் பெட்டிக்குச் சொல்வது எஞ்சினுக்கு ஊற்றும் அதே ஒயிலை, அந்தக் காலத்து எஸ்ஏஈ 30ஐ. இன்று பலரும் 20டபிள்யூ-50 எஞ்சின் ஒயிலை ஊற்றி நன்றாக ஓட்டுகிறார்கள். கொள்ளளவு ஏறக்குறைய 1.3 லீற்றர். ஹைப்பொயிட் ஒயில், அதாவது ஈபி 90, பின் அக்சிலுக்கு உரியது. அதைக் கியர் பெட்டியில் ஊற்றினால் கியர் மாற்றுவது கனக்கும், கியர் மாற்றும்போது பற்களின் வேகத்தைச் சமப்படுத்தும் சின்க்ரோ வளையங்கள் பிடிக்கத் தாமதிக்கும். ஜிஎல்-5 வகை ஒயில்களில் உள்ள கந்தகச் சேர்க்கைகள் வெண்கலம், பித்தளைப் பாகங்களுக்கு ஆகாதவை. அதைவிடத் தடித்த 140ஐ ஊற்றுபவர்களும் உண்டு. சத்தம் உடனே குறையும், கார்க்காரருக்கு மகிழ்ச்சி. ஆனால் அந்தத் தடித்த ஒயில் லே கியரின் நடுத் துளைக்குள் புகுந்து ஊசி உருளைகளைச் சரியாக நனைப்பதில்லை. சத்தத்தை மறைத்து, சத்தத்துக்கான காரணத்தை வளர்க்கும் வேலை அது. விற்பதற்கு முன் பெட்டிக்குள் மரத்தூள் போடும் பழைய வியாபார வித்தையும் இந்தச் சாதியைச் சேர்ந்ததே.

இந்தத் தவறைத் தலைகீழாகச் செய்வது இன்னும் மோசம். டிஃபரென்ஷலில் எஞ்சின் ஒயில் ஊற்றினால், வழுக்கியபடி உரசும் அந்தப் பற்கள் தாங்காது.

எங்கள் பக்கத்துக் கார்களுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். 1990களில் பெற்றோல் வராத யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் ஓடிப் பிழைத்த கார்கள் இவை. எஞ்சினுக்கே அந்தக் கதி என்றால், கியர் பெட்டிக்குள் யார், எப்போது, எதை ஊற்றினார்கள் என்பதற்குக் கணக்கு எங்கே இருக்கப் போகிறது? அதனால் முதல் வேலையாக இருக்கும் ஒயிலை வடித்துப் பாருங்கள்.

நன்றாக ஓடிச் சூடானபின் அடிப்பக்க நட்டைக் கழற்றி, வெள்ளை எனாமல் தட்டு ஒன்றில் வடியுங்கள். சாம்பல் நிறப் பசை கொஞ்சம் இருந்தால் வயதின் தேய்மானம், பயமில்லை. மஞ்சளாக மினுங்கும் தூள் இருந்தால் சின்க்ரோ வளையம் தேய்கிறது. காந்தத்தில் ஒட்டும் செதில்கள் வந்தால் பெயரிங்கின் அல்லது ஷாஃப்டின் மேற்பரப்பு உரிகிறது. உடைந்த ஊசி உருளை ஒன்றே வந்து விழுந்தால் அன்றோடு ஓட்டத்தை நிறுத்துங்கள். பிறகு சரியான ஒயிலை மேலிருந்து நிரப்புங்கள். முன் காலடிக் கம்பளத்தை உயர்த்தினால் தரையில் ஒரு ரப்பர் மூடி இருக்கும். அதற்குக் கீழே பெட்டியின் பக்கத்தில் நிரப்பும் நட்டு. துளையின் கீழ் விளிம்பு வரை ஒயில் நிற்க வேண்டும். மட்டம் குறைந்திருந்தாலே இந்தச் சத்தங்களில் சில வரும். ஆகவே ஒயிலை மாற்றிச் சில நாள் ஓட்டிப் பார்த்த பிறகே அடுத்த முடிவுக்குப் போங்கள்.

கிளட்ச் உறையின் அடியில் ஒரு துளையில் பிளவு ஊசி ஒன்று ஆடிக்கொண்டு தொங்கும். யாரோ மறந்து விட்டுப்போன துண்டு என்று எண்ணிப் பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். எஞ்சினின் வாலிலிருந்தோ பெட்டியின் முன்புறமிருந்தோ கசியும் ஒயில் உள்ளே தேங்காமல் வடிவதற்கான துளை அது. அந்த ஊசி ஆடி ஆடித்தான் துளையை அடைபடாமல் வைத்திருக்கிறது.

பெட்டியைத் தாங்கும் ரப்பர் கட்டைகளையும் பாருங்கள். அவை நசுங்கி, பெட்டியோ புகைக்குழாயோ உடலைத் தொட்டால், சாதாரண முனகலும் காருக்குள் பெருகிக் கேட்கும். கியர்க் கம்பியில் கை வைத்ததும் நின்றுவிடும் அதிர்வுச் சத்தம் அந்தக் கம்பியின் அடியில் உள்ள புஷ்ஷும் ஸ்பிரிங்கும் செய்வது. அதற்கும் பெட்டிக்கும் சம்பந்தமில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் சத்தம் அப்படியே இருந்தால் பெட்டியை இறக்கத்தான் வேண்டும். எஞ்சினைத் தூக்காமலே இறக்கலாம் என்பது மைனரின் நல்ல குணங்களில் ஒன்று. மேல் மூடியையும் அடியில் உள்ள குறுக்குச் சட்டத்தையும் கழற்றினால் வழி கிடைக்கும். ஒரே ஓர் எச்சரிக்கை. வெளியே எடுக்கும்போதும் திரும்பப் பூட்டும்போதும் பெட்டியின் பாரம் இன்புட் ஷாஃப்டில் தொங்கக் கூடாது. தொங்கினால் கிளட்ச் தட்டு வளைந்து, சத்தம் போய் உதறல் வந்து சேரும். ஜக்கில் தாங்கி, நேராக இழுக்க வேண்டும்.

உள்ளே முதலில் பார்க்க வேண்டியது லே ஷாஃப்ட். ஊசி உருளைகள் ஓடிய இடத்தில் விரல் நகத்தால் தடவினால் சிறு குழிகள் தட்டுப்படும். புதுக் கம்பி, புது ஊசிகள், இரு முனைகளிலும் உள்ள தள்ளு வளையங்கள் ஆகியவற்றை மாற்றுவது பெரிய செலவு அல்ல. லே கியரின் உட்துளையும் குழி விழுந்திருந்தால் லே கியரையே மாற்ற வேண்டும். அங்கேதான் பணம் போகும். திறந்த பெட்டியில் இன்புட் பெயரிங், மெயின் ஷாஃப்டின் பின் பெயரிங், சின்க்ரோ வளையங்கள், பின் ஒயில் சீல் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். ஒரு சீலுக்காக இரண்டாம் முறை இறக்குவது யாருக்கும் பிடிக்காது.

பாகங்கள் வாங்கும் முன் ஒன்றைச் சரிபாருங்கள். 1962க்குப் பின் வந்த 1098 சிசி மைனருக்குரிய பெட்டியின் உறையில் வரம்புகள் ஓடும். அதன் கிளட்ச் ஏழேகால் அங்குலம். அதற்கு முந்திய 948 சிசி காரின் பெட்டி வழுவழுப்பானது. கிளட்ச் ஆறேகால் அங்குலம். உள்பாகங்களும் எல்லாம் ஒன்றல்ல. காரின் பதிவுப் புத்தகத்தில் 1965 என்று இருப்பதால் பெட்டியும் 1965 என்று நம்பிவிட வேண்டாம். இடையில் யாராவது மாற்றிப் பூட்டியிருக்கலாம். பார்த்து உறுதி செய்த பிறகே ஓடர் கொடுங்கள்.

ஜப்பான் பெட்டியைப் பற்றி. அதை நான் பாவம் என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு கிழமையும் ஏ9 வழியாகக் கொழும்புக்கு ஓடுபவருக்கு ஐந்தாம் கியர் ஒரு வரம். மைனரின் நாலாம் கியரில் 60 மைல் போனால் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 4000 சுற்றுச் சுழல்கிறது. நாள் முழுக்க அந்த இரைச்சலை யாரும் விரும்பமாட்டார்கள். ஆனால் மாற்றிப் பூட்டுவதற்குக் குறுக்குச் சட்டத்தை வெட்ட வேண்டும், புரொப்பெல்லர் ஷாஃப்டின் நீளத்தை மாற்ற வேண்டும், வேகமானி பொய் சொல்லத் தொடங்கும். வெட்டிய தகட்டைப் பழையபடி ஆக்குவது பிறகு பெரும்பாடு. உங்களுக்கோ ஒரு கம்பியும் ஒரு பிடி ஊசிகளும் தேவைப்படுகின்றன. 1948 முதல் 1970களின் தொடக்கம் வரை 16 இலட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட கார் இது. இங்கிலாந்தில் இன்றும் இதற்கென்றே கடைகள் இருக்கின்றன. ஒரு காலத்தில் அங்குள்ள மைனர்களுக்கான உதிரிப்பாகங்கள் இலங்கையில் செய்யப்பட்டு அங்கே போயின. பாகம் கிடைக்காது என்று கராஜில் சொன்னால், தேடவில்லை என்றே அதற்கு அர்த்தம்.

பாகங்கள் வந்து சேரும் வரை ஓட்டியே ஆக வேண்டுமென்றால், 25 மைலைத் தாண்டியதும் நாலாம் கியருக்குப் போய்விடுங்கள், அங்கே லே கியருக்கு ஓய்வு. ஆட்களை ஏற்றிக்கொண்டு இரண்டாம் கியரில் நீண்ட நேரம் இழுக்க வேண்டாம். முனகல் திடீரென்று கடகடவென்று மாறினால் உடனே கிளட்சை மிதித்து ஓரங்கட்டுங்கள்; உடைந்த ஊசி ஒன்று பற்களுக்கிடையே போய்ச் சிக்கினால் பெட்டி இறுகி, பின்சில்லுகள் ஓடும் காரிலேயே பூட்டிக்கொள்ளும். அந்த நிலையில் கட்டி இழுத்துக்கொண்டு போவதானால் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு இழுங்கள். இல்லாவிட்டால் மெயின் ஷாஃப்ட் வழியெல்லாம் சுற்றி, மிஞ்சியிருப்பதையும் அரைத்துவிடும்.